கீப்பர் கத்தினால் விலகவேணும்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில் நான் வேலை செய்த அச்சகத்துக்கு அடுத்த கதவு ஒரு மரக்கறிக் கடை. காலையில் அங்கே லொறி வந்து நின்றதும் ஒரு சத்தம் கேட்கும். "என்ரை!" என்னுடையது, மற்றவர் விலகு என்ற கத்தல். அதைத் தொடர்ந்து பொத்தென்று ஒரு பெட்டி கைகளில் விழும். மறுபடியும் "என்ரை!" மறுபடியும் பொத். நான் அச்சகத்தில் சேர்ந்தது 2009 தை மாதம். முதல் நாளே என்னை எரிச்சலூட்டிய மனிதர் அவர்தான். கலியாணக் கார்ட்டில் மாப்பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாகக் கோத்துக்கொண்டிருக்கும்போது காதுக்குள் ஒருவர் இப்படிக் கத்தினால் மாப்பிள்ளைக்கு வேறு பெயர் வந்துவிடும் அல்லவா?

வெளியே போய்ப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய, நெடுத்த, முன்வளைந்த ஓர் ஆள். தலையில் கம்பளித் துணியில் தைத்த தட்டைத் தொப்பி. லொறிக்குள் நின்று ஒருவர் பெட்டிகளை எறிய, இவர் நடைபாதையில் நின்று ஏந்தினார். வாழைக்காய்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, அதன் மேல் குனிந்து, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகுதான் கீழே வைப்பார். பூசணிக்காய்க்கும் அதே மரியாதைதான்.

"அண்ணை, கத்தாமல் பிடிக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"கீப்பர் கத்தவேணும் தம்பி. கத்தாட்டி மற்றவனும் பாய்வான். ரெண்டு பேரும் மோதுவினம். பந்து உள்ளை போயிடும்."

"இஞ்சை மற்றவன் ஒருத்தரும் இல்லையே."

அவர் இடமும் வலமும் பார்த்தார். "ஓம், அதுதானே?" என்றார். அடுத்த பெட்டி வந்தது. "என்ரை!"

லா சப்பலில் எல்லாருக்கும் அவர் கீப்பர் அண்ணை. சொந்தப் பெயரை நான் அறிந்தது பல வருடம் கழித்து, அதை அச்சிட வேண்டி வந்தபோதுதான். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம் அவருடையது. அந்த ஊர்க் கழகத்துக்கு இளமை முழுக்கக் கோல் காத்தவர். எனக்கோ பந்தென்றாலே ஆகாது. இருபத்திரண்டு பேர் ஒன்றின் பின்னால் ஓடுவதில் என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "நான் ஓடுறேல்லையே, நிக்கிறனான்" என்பார்.

கத்துவது பெட்டிக்கு மட்டும் என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர் எல்லாவற்றுக்கும் கத்தினார். ஒருநாள் லொறிக்காரர் கோணலாக எறிந்து ஒரு பெட்டி முட்டை நடைபாதையில் போய்விட்டது. லொறிக்காரர் புதுச்சேரிக்காரர், நல்ல மனிதர். "பார்தோன், பார்தோன், என் தப்புதாங்க" என்று பதறிக்கொண்டு இறங்கினார். முதலாளி வாசலுக்கு வருவதற்குள் கீப்பர் அண்ணை கையைத் தூக்கிவிட்டார். "என்ரை, முதலாளி. நான்தான் விட்டிட்டன்." அவர் எதையும் விடுகிறவர் அல்லர் என்பது முதலாளிக்கும் தெரியும். ஆனாலும் விட்டேன் என்று ஒருவர் நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் ஏசுவது? முதலாளி முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆரேனும் தண்ணி போட்டுவிட்டுப் பிந்தி வீட்டுக்குப் போனால், அடுத்த நாள் மனைவி கடைக்கு மரக்கறி வாங்க வரும்போது இவர் முந்திக்கொண்டு, "நேற்று நான்தான் தங்கச்சி அவரை மறிச்சு வைச்சனான்" என்பார். இப்படிச் சொல்லிச் சொல்லி, லா சப்பல் பெண்களின் கணக்கில் ஊரிலுள்ள அத்தனை ஆண்களையும் கெடுத்த பெரிய குடிகாரன் இவர்தான் என்றாகிவிட்டது. இவர் வாயில் வைப்பது பால் விடாத பிளேன்ரீ மட்டும். கலியாணமும் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்தப் பெண்மணி பாவம், யாருடைய பிழைக்கெல்லாம் அழுதிருப்பாளோ.

அந்தத் தொப்பிக்கு ஒரு கதை இருந்தது. ஊரில் பங்குச் சாமியாரின் அறைச் சுவரில், ஏதோ பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் வெட்டிய படம் ஒன்று ஒட்டியிருந்ததாம். தட்டைத் தொப்பி போட்ட ஒரு ஸ்கொட்லாந்துக் கீப்பர், சேற்றுக்குள் நிற்கிறார். வேலை நாட்களில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள், சனிக்கிழமையில் கோலுக்குள். சின்னக் கழகத்தில் தொடங்கி, பெரிய கழகத்துக்குப் போய், நாட்டுக்கும் விளையாடி, வருடக்கணக்காக எத்தனையோ பந்தைப் பிடித்தவர். கடைசியில் ஒரு பெரிய பைனலில், மழைக்குள், அந்தக் கீப்பர் கத்தினார், பெக் ஆட்கள் விலகினார்கள், பந்து ஈரக் கையால் வழுக்கி உள்ளே போய்விட்டது. அதன் பிறகு பஸ்ஸிலும் குடிக்கடையிலும் சனம் அவரிடம் அந்த ஒன்றைப் பற்றி மட்டும்தான் கேட்டது. அவர் தொப்பியைக் கொஞ்சம் தூக்கி, "ஓம், என்ரைதான்" என்பாராம்.

இந்தக் கதையை அவர் எனக்கு எத்தனை முறை சொன்னார் என்று தெரியாது. ஒருமுறை சொல்லும்போது மழை பெய்யும், மறுமுறை பனி கொட்டும். "அண்ணை, போன கிழமை மழையெண்டெல்லோ சொன்னியள்?" என்று சீண்டுவேன். "ஸ்கொட்லாந்தடா, ரெண்டும் பெய்யும்" என்பார். அந்த ஸ்கொட்லாந்துக்காரருக்குப் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. பாதர் சொல்லவில்லையாம். அந்தப் படம் இருந்தது உண்மை, மிச்சத்தை இவரே கட்டியிருப்பார் என்பது என் சந்தேகம். தொப்பி கிளிஞ்ஞாங்கூர் பழைய சாமான் சந்தையில் வாங்கியது.

பெக் ஆட்கள் என்று சொன்னேன் அல்லவா? கோலுக்கு முன்னால் காவல் நிற்பவர்கள். ஊர்க் கழகத்தில் இவருக்கு முன்னால் நின்றது இவருடைய தம்பி. சின்னவன் என்றுதான் சொல்வார். பந்து உயரத்தில் வரும்போது "என்ரை" என்று தமையன் கத்தினால், சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு விலகிவிடுவான். கத்தாவிட்டால் தானே அடித்து வெளியேற்றுவான். "சின்ன வயசிலேயே நான் அவனைப் பழக்கிப்போட்டன். திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். அப்பிடி ஒரு நம்பிக்கை" என்பார். சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும்.

நான் அவரைச் சந்தித்த அந்தத் தை மாதத்தில் சின்னவன் போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தான். மனைவி, பள்ளிக்கூடம் போகும் வயதில் மகள் ஜெனி, அவனும் சேர்த்து மூவரும் சனத்தோடு சனமாக இடம் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். லா சப்பலில் அப்போது எவருக்கும் தொண்டைக்குள் சோறு இறங்கவில்லை. கடைகளில் வானொலி ஓயாமல் ஓடும். கைத்தொலைபேசி அடித்தால் கடையில் நிற்கும் எல்லாரும் தங்கள் பையைத் தடவுவார்கள். கீப்பர் அண்ணை மட்டும் காலையில் வழக்கம்போலக் கத்தினார். இன்னும் பலமாகக் கத்தினார் என்று கூடச் சொல்லலாம்.

போர் முடிந்த வைகாசி மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றது.

அவர் வேலைக்கு வந்தார். லொறி வந்தது. பெட்டிகளைப் பிடித்தார். வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த அமைதிக்குள் வேலை செய்ய முடியவில்லை. எரிச்சல்பட்ட சத்தத்துக்கே ஏங்குவேன் என்று யார் நினைத்தது? வெளியே போய் நின்றுகொண்டு, "என்னண்ணை, இண்டைக்குப் பந்து ஒண்டும் வரேல்லையோ?" என்று பகிடி விட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒருபோதும் நான் அந்தப் பகிடியை விடவில்லை.

அகதி முகாமிலிருந்து செய்தி வந்திருந்தது. சின்னவனின் மனைவியும் ஜெனியும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நீரேரியைக் கடக்கும் இடத்தில், பக்கத்துக் கொட்டிலில் இருந்த நடக்க முடியாத ஒரு மனிதரைத் தூக்கிவர என்று சின்னவன் திரும்பிப் போனானாம். "நீங்கள் நடவுங்கோ, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அதன் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. இறந்ததைக் கண்டவரும் இல்லை.

பல மாதம் கழித்து, தேநீர்க்கடையில் எனக்கு முன்னால் இருந்தபடி அவராகவே சொன்னார். பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.

"மாசி மாசம் சின்னவன் ஒரு பாதரின்ரை போனிலை இருந்து எடுத்தவன். சனம் கொஞ்சம் கொஞ்சமா வெளிக்கிடுது, நாங்களும் வெளிக்கிடட்டோ அண்ணை எண்டு கேட்டான். நான்தான் சொன்னனான்."

"என்னெண்டு?"

"பொறு. கோயிலடியை விட்டு அசையாதை. அங்கை பாதர்மார் நிக்கினம், அதுதான் பாதுகாப்பு. மிச்சத்தை நான் பாக்கிறன், என்ரை எண்டு சொன்னன்."

நான் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவன் கேள்வி கேக்கேல்லை தம்பி. சரியண்ணை எண்டிட்டு வைச்சிட்டான். நான் கத்தினால் விலகிற பிள்ளையெல்லோ அவன்."

இங்கேயிருந்து என்ன தெரியும் யாருக்கு, எந்தப் பக்கம் போனாலும் சாவுதானே இருந்தது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஊரிலுள்ளவர்களின் பிழையையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்த மனிதரிடம், இது உங்களுடைய பிழை இல்லை என்று சொல்லி என்ன பயன்? எழும்பிப் போய் இன்னொரு பிளேன்ரீ வாங்கிவந்து வைத்தேன்.

அடுத்த கோடையில் நகருக்கு வெளியே பொபினியில் ஊர்ச் சங்கத்தின் விளையாட்டு விழா. வழக்கமாக அதில் மூத்தவர்களுக்கென்று ஒரு ஆட்டம் வைப்பார்கள். தொப்பை வைத்தவர்கள், மூட்டு வலிக்காரர்கள் எல்லாம் சீருடை போட்டுக்கொண்டு இறங்குவார்கள். கீப்பர் அண்ணையை இழுத்துவந்து கோலுக்குள் விட்டார்கள். நானும் போயிருந்தேன், என் வாழ்நாளில் நான் முழுதாகப் பார்த்த ஒரே ஆட்டம் அதுதான். எதிர்ப்பக்கத்து ஆள் மூலையிலிருந்து பந்தை உயர்த்தி அடித்தார். முன்னால் நின்ற இருவரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கத்துவார் என்று காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து, மண்டையோடு மண்டை மோதி விழ, பந்து மெல்லத் துள்ளிக்கொண்டு உள்ளே போனது.

சனம் சிரித்தது. விழுந்தவர்களில் ஒருவர் தலையைத் தடவிக்கொண்டு, "அண்ணை, கத்தியிருக்கலாமே!" என்றார். கீப்பர் அண்ணை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை நடுவருடைய கையில் கொடுத்துவிட்டு மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். அதற்குப் பிறகு அவர் விளையாடவில்லை.

வருடங்கள் போயின. ஊரில் இருந்த ஜெனியையும் தாயையும் அவர்தான் காசு அனுப்பிப் பார்த்தார், படிப்பித்தார். ஆனால் சின்னவனுக்கு, இறந்தவர்களுக்கான பூசை ஒன்றை ஒப்புக்கொடுக்க அவர் விடவில்லை. தாயும் தாலியைக் கழற்றவில்லை. கண்ணீர் அஞ்சலிப் படங்கள் லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டாத கிழமை இல்லை. அதில் பாதி எங்கள் அச்சகத்தில் அடித்தவை. அவர் அந்தக் கண்ணாடிகளைப் பார்க்காமல், தொப்பியை முன்னால் இறக்கிவிட்டுக்கொண்டு நடப்பார்.

பிறகு ஜெனிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை எபினே-சூர்-செய்னில், இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். பெண் வந்து பெரியப்பாவோடு பொபினியில் தங்கினாள். தாய்க்கு விசா கிடைக்கவில்லை. கார்ட் அடிக்கும் வேலை இயல்பாக என்னிடம் வந்தது.

எங்கள் ஆட்களின் கலியாணக் கார்ட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர் சிறிதாகவும், பெற்றோர் பெயர் கொட்டையாகவும் இருக்கும். தகப்பனோ தாயோ உயிரோடு இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரவேண்டும். வராவிட்டால் கலியாணத்தன்று வருகிறவர்கள் எல்லாம் "பொம்பிளையின்ரை தேப்பன் எங்கை, காணேல்லை?" என்று கேட்பார்கள். நான் அந்த வரியைக் கோத்து, சின்னவனின் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கடைக்கு வந்தார்கள். திரையில் கார்ட். அதற்கு முன்னால் ஜெனி, மாப்பிள்ளைப் பையன், அவனுடைய தகப்பன். பின்னால் சுவரோடு கீப்பர் அண்ணை. மாப்பிள்ளையின் தகப்பன் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாதவர். "ஒண்டில் அந்தச் சொல்லைப் போடுவம், ஒண்டில் தேப்பனின்ரை பேரை எடுத்துவிடுவம். நான் பிழையாச் சொல்லேல்லை. சனம் கேக்கும்" என்றார்.

"செ பா கிராவ் பப்பா, பரவாயில்லை, அப்பிடியே விடுங்கோவன்" என்றான் பையன். அவனுக்கு அந்த ஒரு சொல்லின் பாரம் எங்கே தெரியும்?

"அப்பாவின்ரை பேரை எடுக்க விடமாட்டன்" என்றாள் ஜெனி. ஆனால் மற்றச் சொல்லைப் போடு என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. தாய்க்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. என்ன போடுறது?"

மறுமுனையில் எங்கோ சேவல் கூவியது. பிறகு, "நான் என்னெண்டு பிள்ளை சொல்லுறது? என்ரை வாயாலை என்னெண்டு சொல்லுறது?" என்றாள் தாய். கணவனின் தமையனைக் கூப்பிட்டு, "அத்தான், நீங்கள் நிக்கிறியளோ?" என்றாள்.

எல்லாரும் நிமிர்ந்து பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல நின்றார்கள். எனக்குப் பொபினி மைதானம் ஞாபகம் வந்தது. இந்த மனிதர் இன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் இந்தப் பெண்ணும் தாயும் மோதி விழப்போகிறார்கள் என்று பயந்தேன்.

கீப்பர் அண்ணை தொப்பியைக் கழற்றினார். நான் அவரைத் தொப்பியில்லாமல் பார்த்ததே இல்லை. முன்னால் வந்து மேசையில் கையை ஊன்றினார்.

"என்ரை!"

தெருவில் போன ஒருவர் நின்று கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்க்குமளவுக்கு வந்தது அந்தக் குரல்.

"தம்பி, போடு. நான் சொல்லுறன், போடு." என் பக்கம்தான் திரும்பியிருந்தார், ஆனால் சொன்னது தொலைபேசிக்கு. "பிள்ளை, கேக்குதோ? அவன் செத்திட்டான் எண்டு நான் சொன்னனான். நீயில்லை. உன்ரை மகளுமில்லை. நாளைக்கு அவன் வந்து நிண்டு, ஆர் என்னைச் செத்தவன் எண்டு போட்டது எண்டு கேட்டாலும், கொண்ணை, உன்ரை அண்ணன்தான் எண்டு சொல்லு. நீங்கள் ரெண்டு பேரும் விலகுங்கோ. இது என்ரை."

தொலைபேசியில் அந்தப் பெண் அழத்தொடங்கினாள். இத்தனை வருடமும் அழ உரிமையில்லாமல் இருந்தவள், வாய்விட்டு, ஒப்பாரியாக அழுதாள். ஜெனி பெரியப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அந்தச் சொல்லைக் கோத்தேன். கண் மறைத்ததில் இரண்டு தரம் அழித்து எழுதவேண்டியிருந்தது.

கலியாணத்தில் ஜெனியின் கையைப் பிடித்துப் பீடம் வரை நடந்தது அவர்தான். அடுத்த மாதமே சின்னவனுக்குப் பூசையும் ஒப்புக்கொடுத்தார். ஊரில் தாய் தாலியைக் கழற்றி மாதா கோயிலில் கொடுத்தாளாம். அந்த வீட்டில் மனிதர் மனிதராக மூச்சுவிடத் தொடங்கினார்கள். லொறி வந்தால் பழையபடி சத்தமும் கேட்டது, ஆனால் முன்னைப்போல இல்லை, களைத்த குரல்.

ஒருநாள் வேலை முடிந்து மெத்ரோவுக்கு நடக்கும்போது கேட்டேன். "அண்ணை, இப்ப மனசு ஆறிட்டுதோ?"

"அவையளுக்கு ஆறிட்டுது."

"உங்களுக்கு?"

"சனத்துக்கு அவன் செத்தவன். அது போட்டாச்சு. சரிதான்." தொப்பியை இழுத்துவிட்டார். "எனக்கு அவன் முன்னாலைதான் நிக்கிறான் தம்பி. முதுகுதான் தெரியுது. திரும்புறானில்லை."

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். தாதியின் கையிலிருந்து தண்ணீர்க் கோப்பை விழுந்து உடைந்ததற்கும் "முவா, முவா" என்று பிரெஞ்சில் 'நான்' எனத் தன்னைத்தான் காட்டினாராம். ஜெனி சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். ஒரு விடியற்காலை அவர் போய்விட்டார்.

மரண அறிவித்தலை நான்தான் கோத்தேன். தொப்பியோடு இருக்கும் படம். அதன் கீழ் முதன்முறையாக அவருடைய முழுப் பெயர். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரன் என்று வரிசை வந்தது. சின்னவனின் பெயரில் என் கை நின்றது. மெத்ரோவுக்கு நடந்தபோது அவர் சொன்ன அந்த முதுகு ஞாபகம் வந்தது. பிறகு, முன்னால் எதுவும் போடாமல் பெயரை மட்டும் கோத்தேன்.

அச்சுக்குப் போகுமுன் ஜெனிக்குக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். தகப்பனின் பெயரில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

தெரு நெடுக, கடைக் கண்ணாடிகளில் அவர் தொப்பியோடு நின்றார். மத்தியானம் ஊர்ச் சங்கச் செயலாளர், கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்த அறிவித்தல் ஒன்றைக் கையில் பிடித்தபடி அச்சகத்துக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"உதென்ன வேலை? தம்பியின்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு இல்லை! செத்த வீட்டிலை சனம் என்ன கதைக்கும்? அந்தப் பிள்ளை தந்த பிழையோ, நீங்கள் விட்ட பிழையோ? ஆரின்ரை பிழை இது?"

ஜெனி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ரை" என்றேன், அவள் சொல்லுமுன்.